பதில் வராத அழைப்பு

மென்பொருளின் ஒரு பகுதி இன்னொரு பகுதியிடம் வேலையை ஒப்படைப்பதற்கு மெத்தட் அழைப்பு என்று பெயர். அழைத்த பகுதி பொதுவாகப் பதில் வரும்வரை அப்படியே நிற்கும். இரண்டும் ஒரே கணினியில் இருந்தால் இந்தக் காத்திருப்பு கண்ணுக்கே தெரியாது. வேறு வேறு கணினிகளில் இருந்தால் தூரம் குறுக்கே வருகிறது. செய்தியைச் சுமக்கும் கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீற்றர் ஓடும். மட்டக்களப்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,500 கிலோமீற்றர். அங்குள்ள சேவையகம் நொடியும் தாமதிக்காமல் பதில் சொன்னாலும், போய்வர 25 மில்லிவிநாடிக்குக் குறையாது. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் நெரிசலும் உண்டு என்பதால் நடைமுறையில் இன்னும் கூடும்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதற்கு வைக்கும் எல்லைதான் டைம் அவுட். எல்லை வைக்காவிட்டால் சில கருவிகள் முடிவேயில்லாமல் காத்திருக்கும். ஜாவாவின் பழைய எச்டிடிபி இணைப்பு வகுப்பில் எதுவும் குறிப்பிடாதபோது இருக்கும் மதிப்பு பூச்சியம், அதன் பொருள் 'எப்போதும் காத்திரு'. லினக்ஸ் கணினிகளில் செய்நிரல்கள் தங்களுக்குள் பேசப் பயன்படுத்தும் டி-பஸ் முறையிலோ வழக்கமான எல்லை 25 விநாடி. அலுவலகங்களில் 30 விநாடி என்ற எண் அதிகம் புழங்குகிறது. ஏன் 30 என்று கேட்டால் பெரும்பாலும் எவரிடமும் பதில் இருக்காது.

டைம் அவுட்டைத் தோல்வி என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. ஏனென்று ஓர் ஊர்க் காட்சியில் பார்க்கலாம். மட்டக்களப்பு வாவியின் குறுக்கே 2014-இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, எழுவான்கரையிலிருந்து எதிர்க்கரையான படுவான்கரைக்குப் போகிறவர்கள் அந்தத் துறையில் 'பாதை' என்ற மிதவையில்தான் வாவியைக் கடந்தார்கள். நெல் மூட்டை ஏற்றிவிடச் சொல்லி ஒரு பையனை அக்கரைக்கு அனுப்பியவர், பொழுது சாய்ந்தும் அவன் திரும்பாவிட்டால் என்ன நினைப்பார்? பையன் அக்கரைக்கே போகாமல் இருக்கலாம். போய்ச் சொல்லி, மூட்டையும் ஏறி, திரும்பும் பாதையைத் தவறவிட்டிருக்கலாம். இக்கரையில் நிற்பவருக்கு இரண்டும் ஒரே காட்சிதான். அவசரப்பட்டு இன்னொரு பையனை அனுப்பினால் மூட்டை இரண்டு தரம் ஏறும்.

காத்தான்குடிக் கடைக்காரர் ஒருவர் கைபேசியில் பணம் அனுப்பும்போது டைம் அவுட் வந்தால் நிலைமை இதேதான். மறுபடி அழுத்தினால் பணம் இரு முறை போகக்கூடும். அதனால் ஒவ்வொரு கோரிக்கையோடும் ஒரு தனி எண்ணை அனுப்பி, அதே எண் மறுபடி வந்தால் வேலையைத் திரும்பச் செய்யாமல் பழைய பதிலையே தரும்படி சேவையகத்தை எழுதுகிறார்கள். இந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் தானாக மறுமுயற்சி செய்யும் நிரலை எழுதுவது ஆபத்து.

இலங்கைப் பொறியியலாளர்கள் இந்தச் சிக்கலில் நிறைய உழைத்திருக்கிறார்கள். 2005-இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் கொழும்புக் குழு பெரும் பங்காற்றிய திறமூல மென்பொருள் அப்பாச்சி சினாப்ஸ். இது செய்நிரல்களுக்கு நடுவில் நின்று செய்திகளைக் கைமாற்றும். பிழைகளை அது ஒரே குவியலாகப் போடுவதில்லை: இணைப்பே கிடைக்காததற்கு 101503, இணைப்பு கிடைத்தும் பேச்சு வராமல் நேரம் தீர்ந்ததற்கு 101504 எனத் தனித்தனி எண்கள். வழு தேடுகிறவருக்கு இந்த ஒரு வித்தியாசமே பாதி வேலையை முடித்துத் தரும். அடிக்கடி பதில் தராத சேவையை சினாப்ஸ் சிறிது நேரம் ஒதுக்கி வைக்கவும் செய்யும். தொடக்கம் 1 விநாடி, பெருக்கம் 2, உச்சம் 60 விநாடி என்று அமைத்தால், தோல்வி தொடரும்போது ஒதுக்கும் காலம் 2, 4, 8 விநாடி என்று வளர்ந்து 60-இல் நிற்கும். திணறும் சேவையகத்துக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது.

வழு தேடும்போது இதே ஏற்பாடு ஆளைக் குழப்பிவிடும். வந்தாறுமூலையில் கணினி படிக்கும் மாணவர் ஒருவர், பதில் தரவேண்டிய நிரலில் நிறுத்தப்புள்ளி வைத்து, மாறிகளை ஆற அமரப் பார்க்கிறார் என்று கொள்வோம். அவருடைய நிரல் நிற்கிறது. அழைத்த பக்கத்தின் கடிகாரம் நிற்கவில்லை. எல்லை கடந்ததும் அங்கே டைம் அவுட். நடுவில் நிற்கும் மென்பொருள் அவருடைய சேவையையே ஒதுக்கி வைக்கிறது. அவர் நிரலை மறுபடி ஓடவிட்ட பிறகும் அடுத்த கோரிக்கை வந்து சேர்வதில்லை. இல்லாத வழுவைத் தேடி ஒரு பிற்பகல் போய்விடும். வழு தேடும் சூழலில் மட்டும் எல்லையை நிமிடக்கணக்கில் உயர்த்தி வைப்பதே சரி. ஆனால் அந்த அமைப்பு தனிக் கோப்பில் இருக்க வேண்டும், தவறியும் பயனர் கைக்குப் போகக்கூடாது. ஜாவா நிரல்களைச் சோதிக்கும் கருவியான ஜேயூனிட் 5-இல், வழுநீக்கி ஓடும்போது மட்டும் சோதனை எல்லைகளை அணைத்துவிடும் அமைப்பே உண்டு.

சோதனைக்கும் ஜேயூனிட் இரண்டு வழி தருகிறது. ஒன்று, மெத்தட் முடியும்வரை பொறுத்திருந்து, பிறகு எல்லையை மீறியதா என்று சொல்லும். மெத்தட் முடிவில்லாமல் சுழன்றால் சோதனையும் சுழலும். மற்றது எல்லை வந்ததும் காத்திருப்பதை விட்டுவிடும். ஆனால் அது மெத்தட்டை வேறொரு திரெட்டில், அதாவது நிரலுக்குள் தனியே ஓடும் இன்னொரு இழையில், ஓட்டுவதால், பழைய திரெட்டோடு கட்டிவைத்த தரவுத்தளப் பரிவர்த்தனை அங்கே தெரியாது. சோதனை முடிந்ததும் அழிந்திருக்க வேண்டிய பதிவுகள் தங்கிவிடும். ஜாவாவில் ஒரு திரெட்டை நிறுத்தச் சொல்வது வேண்டுகோள் மட்டுமே. மெத்தட் அதைக் கவனிக்காவிட்டால் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும்.

எல்லையை 50 மில்லிவிநாடி என்று இறுக்கி எழுதிய சோதனை, எழுதியவர் கணினியில் தேறி, வேலைப்பளு மிக்க பொதுக் கணினியில் விழும். பலர் அதை மறுபடி ஓட்டிப் பச்சை விளக்கு எரிந்ததும் நகர்ந்துவிடுகிறார்கள்; அப்படிப்பட்ட சோதனை இருப்பதைவிட இல்லாதது மேல். மெய்யான நேரத்தை நம்பாமல், நிரலுக்குள் போலிக் கடிகாரம் ஒன்றைக் கொடுத்து அதை 30 விநாடி முன்னே தள்ளலாம். இணைப்பை ஏற்றுக்கொண்டு வாய் திறக்காத போலிச் சேவையகம் ஒன்றும் தேவை, ஏனென்றால் அணைந்துகிடக்கும் சேவையகத்தைவிட மௌனமாக இருக்கும் சேவையகமே நிரல்களை அதிகம் வீழ்த்துகிறது.

உண்மையான பயன்பாட்டில் டைம் அவுட் வந்தால், எல்லையை உயர்த்தும் முன் இரு பக்கப் பதிவுகளையும் அருகருகே வைத்து அந்தக் கோரிக்கையின் தனி எண்ணைத் தேட வேண்டும். சேவையகத்தின் பதிவில் அந்த எண் இருந்தால் பையன் அக்கரை சேர்ந்துவிட்டான்.