ஊசி போடும் முன்பே குமட்டலா? மூச்சைக் கவனியுங்கள், சிகிச்சையை விடாதீர்கள்!

தாம்பரம்,

காலை மணி 7. பெருங்களத்தூர் ஸ்டேஷன். பீச் போகும் மின்சார ரெயில் வந்து நிற்கிறது. ஆபீசுக்கு ஓடுகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள், கூடைக்காரம்மாக்கள்... முண்டியடித்து ஏறுகிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் பீர்க்கன்கரணையைச் சேர்ந்த ஓர் அம்மாவும் இருப்பதாக வைத்துக் கொள்வோம். தலையில் முக்காடு. கையில் ஆஸ்பத்திரி பைல். துணைக்கு மகன். கிண்டியில் இறங்கி, பஸ் பிடித்து, அடையாறு கான்சர் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இன்று மூன்றாவது தடவை கீமோதெரபி.

ரெயில் பரங்கிமலையை நெருங்குகிறது. அம்மாவுக்கு வயிற்றைப் புரட்டுகிறது.

"என்னம்மா, இன்னும் ஊசியே போடலையே?"

"தெரியலைடா. அந்த வாசலை நினைச்சாலே குமட்டுது. இன்னிக்கு வேணாம்டா, திரும்பிப் போயிடலாம்."

இந்த அம்மா கற்பனை. ஆனால் அந்தக் குமட்டல் நிஜம். கீமோதெரபி செய்து கொள்பவர்களில் பலர் இப்படிச் சொல்வதை டாக்டர்கள் கேட்டிருக்கிறார்கள்.

புளியங்காய் ரகசியம்

இது நடிப்பு அல்ல. கோழைத்தனமும் அல்ல. புளியங்காயை நினைத்தாலே நாக்கில் எச்சில் ஊறுகிறதே, அதே கதைதான்! முதல் இரண்டு தடவை மருந்து ஏறியபோது வாந்தி வந்தது. அப்போது மூக்கில் ஏறிய மருந்து வாடை, கண்ணில் பட்ட பச்சைத் திரை எல்லாவற்றையும் உடம்பு சேர்த்து முடிச்சுப் போட்டு வைத்துக் கொண்டது. மூன்றாவது தடவை வாடை போதும், வாந்திக்கு மருந்தே தேவையில்லை!

இப்படிப் பழகிப்போன குமட்டல், வாந்தி மாத்திரைக்கு எளிதில் மசிவதில்லை. மனதையும் உடம்பையும் சேர்த்துத் தணிக்கும் பயிற்சிகள் இங்கேதான் கைகொடுக்கின்றன.

பெங்களூரில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி செய்து கொண்ட 62 பெண்களில் ஒரு பகுதியினருக்கு மூச்சுப் பயிற்சி, தளர்வுப் பயிற்சி, தியானம் எல்லாம் சேர்ந்த யோகா கற்றுக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஆறுதலும் ஆலோசனையும் மட்டும். 2007-ல் முடிவு வெளியானது. யோகா செய்தவர்களுக்குக் குமட்டல் குறைந்திருந்தது. ஊசிக்கு முன்பே வரும் குமட்டலின் வேகமும் தணிந்திருந்தது.

தூக்கம் வராமல் புரளுகிறவர்களுக்கும் ஒரு செய்தி. சிகிச்சை முடித்த 410 பேரிடம் அமெரிக்காவில் நடத்தி 2013-ல் வெளியான ஆய்வில், மென்மையான யோகா செய்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தூங்கினார்கள்.

கட்டி கரையுமா?

"அப்படின்னா தியானம் பண்ணியே கான்சரைக் கரைச்சிடலாமே!" என்று அடுத்த வீட்டுக்காரர் சொல்லக்கூடும்.

கரையாது!

1989-ல் அமெரிக்க டாக்டர் டேவிட் ஸ்பீகல் ஒரு ஆய்வை வெளியிட்டார். நோய் பரவிய 86 பெண்களில், வாரா வாரம் கூடிப் பேசி மனம் விட்டு அழுதவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள் என்றது அந்த ஆய்வு. உலகமே பரபரத்தது. ஆனால் அவரே 125 பெண்களை வைத்து மீண்டும் செய்து 2007-ல் வெளியிட்டபோது, ஆயுள் நீண்டதாகத் தெரியவில்லை. ஒளிக்காமல் சொன்னார் டாக்டர்.

இன்னொரு எச்சரிக்கை. ஆபரேஷன், கீமோ, கரண்டு எதுவும் வேண்டாம் என்று மாற்று வைத்தியத்தை மட்டுமே நம்பிய 281 பேரின் கதியை அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். 2018-ல் முடிவு வந்தது. முறையான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களுக்கு மரண அபாயம் இரண்டரை மடங்கு!

"நீ கவலைப்பட்டுப் பட்டுத்தான் இது வந்துது" என்று நோயாளியிடம் சொல்பவர்களும் உண்டு. தயவு செய்து சொல்லாதீர்கள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சும் வேலை அது.

சானடோரியம் சொல்லும் பாடம்

இந்த உண்மையைச் சொல்ல நம்ம ஊரிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. தாம்பரம் சானடோரியம்!

டாக்டர் சவரி முத்து 1928-ல் அதைத் தொடங்கியபோது காச நோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு. இவைதான் வைத்தியம். நோயாளிகள் தெம்பு பெற்றார்கள். ஆனால் கிருமியைக் கொல்ல, 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் வரவேண்டியிருந்தது.  

கான்சருக்கும் அதுதான் கணக்கு. கட்டியைக் கவனிப்பது மருந்து. மருந்தைத் தாங்கும் ஆளைக் கவனிப்பது மனப் பயிற்சி.

அடையாறு ஆஸ்பத்திரி பிறந்த கதையும் மனதைத் தொடும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோய்க்குப் பலியானார். அந்தத் துக்கம் 1954-ல் 12 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரி ஆயிற்று. நோயாளிகளின் மன வேதனையைக் கவனிக்கவும் பிறகு அங்கே ஒரு பிரிவு வந்தது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், "மனசுக்குக் கஷ்டமா இருக்கு, யாரைப் பார்க்கணும்?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

10 நிமிடம் போதும்

பாய் போடத் தேவையில்லை. ரெயில் சீட்டிலேயே செய்யலாம்.

முதலில் மூச்சு. மனதுக்குள் நாலு எண்ணும்வரை மூக்கால் இழுங்கள். ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். அடக்கிப் பிடிக்க வேண்டாம். மூச்சு நிதானமாக வெளியேறும்போது இதயத்தின் படபடப்பும் தணியும்.

அடுத்தது தசை. கைகளை இறுக மூடி, ஐந்து எண்ணி, பொத்தென்று விடுங்கள். பிறகு தோள், முகம், கால் விரல். ஆபரேஷன் செய்த பக்கத்தை இறுக்காதீர்கள்.

கடைசியாக, மனதுக்குப் பிடித்த ஓர் இடம். சின்ன வயதில் பார்த்த ஏரிக்கரை, ஊர்க் கோயில் குளம், எதுவானாலும் சரி. அந்தக் காற்று, அந்தச் சத்தம், எல்லாவற்றையும் நினைவில் கொண்டு வாருங்கள்.

ஊசி நாளில் மட்டும் செய்தால் போதாது. வீட்டில் தினமும் பழகினால்தான் ஆஸ்பத்திரி வாசலில் கைகொடுக்கும்.

ஜாக்கிரதை!

எலும்பில் நோய் பரவியிருந்தால் குனியும், முறுக்கும் ஆசனங்கள் ஆபத்து. கபாலபாதி போன்ற வேக மூச்சும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். சித்த மருந்து, நாட்டு மருந்து எது சாப்பிட்டாலும் கான்சர் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

முதல் தடவையே வாந்தி வந்தால், "இதெல்லாம் சகஜம்" என்று பொறுத்துக் கொள்ளாதீர்கள். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே அடக்கினால்தான் அந்தப் பாழும் முடிச்சு விழாது.

கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் மூச்சுப் பயிற்சி செய்து கொண்டிருக்காதீர்கள். ராத்திரி 12 மணியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!

கிண்டி வந்தாச்சு

கூட வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. "தைரியமா இரு, அழாதே" என்று அதட்டாதீர்கள். பயப்படுகிறவரிடம் பயப்படாதே என்றால் பயத்தோடு வெட்கமும் சேர்ந்து கொள்ளும். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் மூச்சை எண்ணுங்கள்.

ரெயில் கிண்டியில் நிற்கிறது. மகன் அம்மாவின் கையைப் பிடித்துக் கொண்டு எண்ணுகிறான். நாலு... ஆறு... நாலு... ஆறு... குமட்டல் முழுசாகப் போய்விடவில்லை. கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

"சரி, வா. போயிட்டு வந்துடலாம்" என்று அம்மா எழுந்து இறங்குகிறார்.

அந்த ஒரு படி இறங்க வைத்தால் போதும். மிச்சத்தை மருந்து பார்த்துக் கொள்ளட்டும்!