தூத்துக்குடிக்கு கார் ஆலை வந்தாச்சு... ஒரகடத்தில் நிசானுக்கு என்ன ஆனது? கார் வாங்கியவர்கள் சொல்வது என்ன?

முத்துநகரில் இப்போது கார் தயாராகிறது. வியட்நாமைச் சேர்ந்த வின்ஃபாஸ்ட் நிறுவனம், தூத்துக்குடி சிலாநத்தம் சிப்காட் வளாகத்தில் சுமார் 400 ஏக்கரில் மின்சார கார் ஆலை அமைத்துள்ளது. 2024 பிப்ரவரி 25-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2025 ஆகஸ்ட் 4-ல் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ஆலையைத் திறந்து வைத்தார். தொடக்கத்தில் ஆண்டுக்கு 50 ஆயிரம் கார்கள், பின்னர் படிப்படியாக ஒன்றரை லட்சம் கார்கள் என்பது திட்டம்.

உப்பளம், துறைமுகம், மீன்பிடி, அனல்மின் நிலையம் என்று இருந்த மாவட்டத்துக்கு இது புது வரவு. சொந்த ஊரிலேயே வேலை கிடைக்குமா என்று ஐடிஐ, டிப்ளமோ முடித்த பிள்ளைகளின் வீடுகளில் எதிர்பார்ப்பு இருக்கிறது. கூடவே ஒரு கேள்வியும் எழுகிறது. வெளிநாட்டு கார் நிறுவனம் வந்தால், கடைசி வரை நிலைத்து நிற்குமா?

இதற்கான பதிலைத் தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். தூத்துக்குடியில் இருந்து சுமார் 600 கிலோமீட்டர் தூரத்தில், காஞ்சிபுரம் மாவட்டம் ஒரகடத்தில் ஜப்பானின் நிசான் நிறுவனத்துக்கு நடந்ததைப் பார்த்தாலே போதும்.

யார் இந்த நிசான்?

1911-ல் டோக்கியோவில் மசுஜிரோ ஹாஷிமோட்டோ என்ற பொறியாளர் தொடங்கிய சிறிய மோட்டார் நிறுவனத்தில் இருந்து இந்தக் கதை ஆரம்பிக்கிறது. அங்கே 1914-ல் உருவான காருக்கு 'டாட்' என்று பெயர். டென், அவோயாமா, டகேயுச்சி என்ற மூன்று முதலீட்டாளர்களின் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. 1930-களின் தொடக்கத்தில் வந்த சிறிய காருக்கு, டாட்டின் மகன் என்ற பொருளில் 'டாட்சன்' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் ஜப்பானிய மொழியில் 'சன்' என்ற ஒலிக்கு நஷ்டம் என்றும் பொருள் வரும். அதனால் எழுத்தை மாற்றி, சூரியனைக் குறிக்கும்படி 'டட்சன்' ஆக்கினார்கள்.

1933-ல் யோஷிசுகே ஐகாவா என்ற தொழிலதிபர் யோகோஹாமாவில் தொடங்கிய நிறுவனம்தான் அடுத்த ஆண்டே நிசான் மோட்டார் ஆனது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு டட்சன் பெயரில் அமெரிக்கா வரை கார் விற்று, டொயோட்டாவுக்கு அடுத்த பெரிய ஜப்பானிய கார் நிறுவனமாக வளர்ந்தது.

1990-களின் கடைசியில் கடன் கழுத்தை நெரித்தது. 1999-ல் பிரான்சின் ரெனால்ட் நிறுவனம் சுமார் 37 சதவீத பங்கை வாங்கி கைகொடுத்தது. ரெனால்ட் அனுப்பி வைத்த கார்லோஸ் கோன் ஆலைகளை மூடி, செலவைக் குறைத்து, நிசானை லாபத்துக்குத் திருப்பினார். அதே கோன், 2018 நவம்பரில் நிதி முறைகேடு புகாரில் டோக்கியோவில் கைதானார். குற்றச்சாட்டுகளை மறுத்த அவர், ஜாமீனில் இருந்தபோதே 2019 டிசம்பர் கடைசியில் லெபனானுக்குத் தப்பிப் போனது உலகம் முழுக்க தலைப்புச் செய்தி ஆனது.

இந்தியாவில் நிசான் புதுசா?

இல்லை. இந்திய ராணுவம் பல ஆண்டுகள் பயன்படுத்திய 'ஜோங்கா' ஜீப், நிசான் பேட்ரோல் வண்டியின் வடிவமைப்பில் ஜபல்பூர் ஆலையில் தயாரானதுதான். 1980-களில் ஐதராபாத்தின் ஆல்வின் நிறுவனத்தோடு சேர்ந்து 'ஆல்வின் நிசான்' சிறிய லாரிகளும் வந்தன. டிசிஎம் டொயோட்டா, ஐஷர் மிட்சுபிஷி, ஸ்வராஜ் மஸ்தா என ஜப்பானிய கூட்டணி லாரிகள் வரிசையாக வந்த காலம் அது.

தமிழ்நாட்டுக்கும் ஜப்பானிய கார் புதிதல்ல. நிசானுக்கு முன்பே, 1998-ல் திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் மிட்சுபிஷி லான்சர் தயாரானது.

ஒரகடத்துக்கு வந்தது எப்படி?

2008-ல் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம். ரெனால்ட், நிசான் இரண்டும் சேர்ந்து சுமார் 4,500 கோடி ரூபாய் முதலீடு. 2010 மார்ச்சில் ஒரகடம் ஆலை திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 4 லட்சம் கார்கள் தயாரிக்கும் திறனோடு திட்டமிடப்பட்ட ஆலை இது.

முதலில் வந்தது மைக்ரா. 2011-ல் சன்னி செடான், 2013-ல் ரெனால்ட் டஸ்டரை அடிப்படையாகக் கொண்ட டெரானோ வந்தன. 2014-ல் பழைய டட்சன் பெயரை தூசி தட்டி எடுத்து, 3.12 லட்சம் ரூபாய் ஆரம்ப விலையில் டட்சன் கோ காரை இறக்கினார்கள். மாருதி ஆல்டோ வாங்குபவர்களைப் பிடிப்பதுதான் குறி.

எங்கே சறுக்கியது?

இதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதல் காரணம், விற்பனை அமைப்பு. தொடக்கத்தில் விற்பனை, டீலர், விளம்பரப் பொறுப்பு எல்லாம் ஹோவர் ஆட்டோமோட்டிவ் என்ற தனி நிறுவனத்திடம் இருந்தது. 2014-ல் நிசான் அந்த ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, தானே நேரடியாக இறங்கியது. அதற்குள் முக்கியமான ஆரம்ப ஆண்டுகள் போய்விட்டன.

இரண்டாவது, டட்சன். 2014 நவம்பரில் குளோபல் என்கேப் அமைப்பு நடத்திய மோதல் சோதனையில், ஏர்பேக் இல்லாத டட்சன் கோ பூஜ்ஜிய நட்சத்திரம் வாங்கியது. காரின் உடல் அமைப்பே உறுதியாக இல்லை, ஏர்பேக் வைத்தாலும் பெரிதாகப் பயன் இருக்காது என்று அந்த அமைப்பு சொன்னது. விற்பனையை நிறுத்தச் சொல்லி கோனுக்குக் கடிதமும் எழுதியது. விலை குறைவு என்ற பெயரை எடுக்க வந்த கார், பாதுகாப்பு குறைவு என்ற பெயரை எடுத்தது. 2022-ல் இந்தியாவில் டட்சன் விற்பனை முடிவுக்கு வந்தது.

மூன்றாவது, மாடல்களுக்கு இடையே விழுந்த இடைவெளி. மைக்ராவும் சன்னியும் பழசாகிக்கொண்டே போனபோது, அவற்றின் இடத்துக்கு சரியான நேரத்தில் புதுசு வரவில்லை. 2019-ல் வந்த கிக்ஸ் எடுபடவில்லை. அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் சான்ட்ரோவோடு தொடங்கிய ஹூண்டாய், அடுத்தடுத்து புது மாடல்களை இறக்கி பெரிய நிறுவனமாக வளர்ந்ததை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இதற்கிடையே அரசோடும் உரசல். ஒப்பந்தப்படி தமிழ்நாடு அரசு தர வேண்டிய ஊக்கத்தொகை பாக்கி என்று சொல்லி, 5,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டு இந்தியா மீது நிசான் சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது. 2020-ல்தான் அந்த விவகாரம் சமரசத்தில் முடிந்தது.

கார் வைத்திருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

நிசான் கார் ஓட்டியவர்களிடம் கேட்டால், வண்டியைப் பற்றி ஒரு கருத்தும், கம்பெனியைப் பற்றி வேறு கருத்தும் வருவது வழக்கம்.

சன்னி: பின்சீட்டில் கால் நீட்டி உட்காரலாம், டிக்கி பெரிசு என்பது எல்லோரும் சொல்லும் பாராட்டு. குடும்பத்தோடு நீண்ட தூரம் போகிறவர்களுக்கும் டாக்ஸி ஓட்டுநர்களுக்கும் இது பிடித்துப்போனது. தோற்றம் மட்டும் சுமார் என்பார்கள்.

மைக்ரா: ஊருக்குள் ஓட்ட, வளைத்துத் திருப்ப எளிது. டீசல் வண்டியின் மைலேஜை இன்னமும் பேசுகிறவர்கள் உண்டு.

டட்சன் கோ: கொடுத்த காசுக்கு இடவசதி நன்று. ஆனால் கதவு, தகடு எல்லாம் லேசு, நெடுஞ்சாலையில் வேகமாகப் போனால் பயம் என்பது பரவலான குறை.

மேக்னைட்: 2020 டிசம்பரில் 4.99 லட்சம் ரூபாய் ஆரம்ப விலையில் வந்த இந்த சிறிய எஸ்யூவிதான் இந்தியாவில் நிசானைக் காப்பாற்றியது. விலைக்கு வசதிகள் அதிகம், டர்போ எஞ்சினும் தானியங்கி கியரும் சேர்ந்த மாடல் சுகமாக ஓடும் என்பது நல்ல பக்கம். மூன்று சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கின் தரம் ஆகியவை குறைப் பக்கம். பாதுகாப்பில் டட்சன் காலத்து கெட்ட பெயர் மாறியது. தென்னாப்பிரிக்க சந்தைக்காக இந்தியாவில் தயாரான மேக்னைட், 2025-ல் குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் 5 நட்சத்திரம் பெற்றது.

எல்லா மாடலுக்கும் பொதுவான புகார் ஒன்று உண்டு. "வண்டி நல்லாத்தான் இருக்கு, சர்வீஸ்தான் பக்கத்துல இல்ல" என்பதுதான் அது. பெரிய நகரங்களைத் தாண்டினால் சர்வீஸ் சென்டர் குறைவு. பாகம் மாற்ற வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும். கம்பெனி இருக்குமா போகுமா என்ற சந்தேகத்தால் விற்கும்போது விலையும் அடிபடும். மாருதியின் பெரிய பலம் என்ன என்று கேட்டால், கார் என்று சொல்வதைவிட, சின்ன ஊர் வரைக்கும் இருக்கும் சர்வீஸ் சென்டரும் உள்ளூர் மெக்கானிக்கும்தான் என்று சொல்லலாம்.

அப்படியானால் ஆலை எப்படி ஓடியது?

ஏற்றுமதிதான் காரணம். ஒரகடத்தில் தயாரான நிசான் கார்கள் எண்ணூர் காமராஜர் துறைமுகம் வழியாக மத்திய கிழக்கு, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா என்று போயின. 2022-ல் 10 லட்சம் கார்கள் ஏற்றுமதி என்ற எண்ணிக்கையைத் தொட்டது நிசான். 2024-25 நிதியாண்டில் உள்நாட்டில் விற்றது சுமார் 28 ஆயிரம் கார்கள். ஏற்றுமதியோ 71 ஆயிரத்துக்கும் மேல். அதாவது உள்ளூரில் ஒரு கார் விற்றால், கப்பலில் இரண்டரை கார் போனது.

ஆனால் ஜப்பானில் தலைமை நிறுவனம் தடுமாறியது. ஹோண்டாவுடன் இணைவதற்கு 2024 டிசம்பரில் தொடங்கிய பேச்சு, 2025 பிப்ரவரியில் முறிந்தது. உலகம் முழுவதும் 20 ஆயிரம் வேலைகளைக் குறைத்து, 17 ஆலைகளை 10 ஆக்கப்போவதாக நிசான் அறிவித்தது. ஒரகடம் ஆலையில் தனக்கிருந்த 51 சதவீத பங்கை ரெனால்டுக்கே விற்பதாக 2025 மார்ச் 31-ல் அறிவிப்பு வெளியானது.

ஆலை மூடப்படவில்லை. உரிமையாளர்தான் மாறினார். நிசான் கார்களை அதே ஆலையில் ரெனால்ட் தயாரித்துத் தரும் என்பது ஏற்பாடு. டெக்டான் என்ற புதிய எஸ்யூவியை 2026-ல் கொண்டுவருவதாகவும் நிசான் அறிவித்தது.

தூத்துக்குடிக்கு என்ன பாடம்?

வின்ஃபாஸ்ட் 2017-ல் பிறந்த இளம் நிறுவனம். தூத்துக்குடியைத் தேர்ந்தெடுத்ததற்கு துறைமுகம் ஒரு முக்கிய காரணம். வியட்நாமில் இருந்து பாகங்கள் கன்டெய்னரில் வந்து இறங்க, இங்கே கார் ஆகின்றன. ஏற்றுமதி மையமாகவும் இந்த ஆலையை வளர்ப்பது திட்டம். வ.உ.சி. துறைமுகத்தில் சுமார் 7,000 கோடி ரூபாய் மதிப்பிலான வெளித் துறைமுக கன்டெய்னர் முனையத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டிருப்பதும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டியது. ஒரகடத்தைத் தாங்கிப் பிடித்தது கப்பல் என்றால், சிலாநத்தத்துக்கு கப்பல் இன்னும் பக்கத்தில் இருக்கிறது.

ஆனால் துறைமுகம் மட்டும் போதாது என்பதற்கு இந்தக் கடற்கரையிலேயே ஓர் உதாரணம் உண்டு. மன்னார் வளைகுடாவில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல் கடைசி. 1893-லேயே வளர்ப்பு முத்தை உருவாக்கி, அதைப் பெரிய வணிகமாக்கியது ஜப்பானின் மிகிமோட்டோ. அந்தத் தொழில்நுட்பத்தை 1973-ல் தூத்துக்குடியில் இருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையமும் சாதித்துக் காட்டியது. ஆனாலும் ஜப்பான் அளவுக்கு இங்கே முத்து வணிகம் வளரவில்லை. பொருளைச் செய்யத் தெரிவது ஒன்று, அதைத் தொழிலாக நிலைநிறுத்துவது வேறு.

ஆலையின் ஆயுள் இயந்திரத்தை மட்டும் பொறுத்ததல்ல. பாகம் தயாரிக்கும் சிறு தொழிற்சாலைகள் சுற்றுவட்டாரத்தில் வளர வேண்டும். முதலாளி மாறினாலும் ஒரகடத்தில் ஆலை நிற்பதற்கு, சுற்றிலும் உள்ள பாக உற்பத்தி நிறுவனங்களும் பயிற்சி பெற்ற தொழிலாளர்களும் ஒரு காரணம். அந்தச் சூழல் தென் மாவட்டங்களில் இனிமேல்தான் உருவாக வேண்டும்.

கார் வாங்கப் போகிறவர்கள் எதைப் பார்க்கணும்?

எந்த புது நிறுவனத்தின் காராக இருந்தாலும், நிசான், டட்சன் வாங்கியவர்களின் அனுபவம் சில கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது.

* உங்கள் ஊரில் இருந்து சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர்? திருச்செந்தூர், கோவில்பட்டிக்காரர்கள் மதுரை வரை போக வேண்டுமா?
* பம்பர், கண்ணாடி, முகப்பு விளக்கு மாதிரி அடிக்கடி அடிபடும் பாகங்கள் எத்தனை நாளில் வரும்? டீலரிடம் எழுத்தில் கேட்கலாம்.
* மின்சார கார் என்றால் பேட்டரிக்கு எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர் வாரண்டி? வண்டியை விற்றால் அடுத்த உரிமையாளருக்கும் அது செல்லுமா?
* மோதல் சோதனையில் எத்தனை நட்சத்திரம்? இந்தியாவில் விற்கும் அதே மாடலுக்கா?
* அதே நிறுவனத்தின் இரண்டு, மூன்று வருடப் பழைய கார் இன்று என்ன விலைக்குப் போகிறது?

வேலை தேடும் இளைஞர்களும் இதே மாதிரி சில கேள்விகளைக் கேட்கலாம். நேரடி நிரந்தர வேலையா, ஒப்பந்த வேலையா? கற்றுத்தரும் திறன், நாளைக்கு வேறு ஆலைக்குப் போனாலும் பயன்படுமா? ஒரகடத்தில் கம்பெனியின் பெயர் பலகை மாறினாலும், வெல்டிங், பெயின்டிங், ரோபோ இயக்கம் கற்றவர்களின் கைத்தொழில் அவர்களோடுதான் இருக்கிறது.