விக்கிப்பீடியாவில் தடை விழுந்தால்

யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கும் விக்கிப்பீடியாவில், யாரை எவ்வளவு காலம் நிறுத்தி வைப்பது என்ற கேள்வி தினமும் எழுகிறது. ஆங்கில விக்கிப்பீடியா இதற்குத் தெளிவான அடிப்படை வைத்திருக்கிறது: மேற்கொண்டு சேதம் நேராமல் காப்பதற்கே தடை, பழைய தவறுக்குத் தண்டனையாக அல்ல.

ஒரே கட்டுரையில் பிறர் செய்த மாற்றங்களை 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் நீக்கக் கூடாது என்பது அங்குள்ள விதி. முதன்முறை மீறுபவருக்குப் பெரும்பாலும் ஒரு நாள் தடை. அவர் நல்ல பங்களிப்பாளராகவே இருக்கலாம். கோபம் ஆறினால் திரும்பி வந்து எழுதுவார். திரும்பத் திரும்ப மீறினால் நாள்கள் கூடும்.

கட்டுரைகளைப் பாழாக்குவதற்கென்றே தொடங்கிய கணக்கு, விளம்பரக் கணக்கு போன்றவற்றுக்குக் காலவரையற்ற தடை. ஆனால் ஐபி முகவரிக்கு இதை விதிப்பது மிக அரிது. இன்று குறும்பு செய்தவரின் முகவரி நாளை வேறொருவருக்குப் போய்விடலாம். ஒரு கல்லூரி முழுக்க ஒரே முகவரியில் இயங்கவும் கூடும்.

காலவரையற்ற தடை ஆயுள் தடை ஆகாது. பொதுவாகத் தடைபட்டவர் தம் பேச்சுப் பக்கத்தில் எழுத முடியும். அங்கே தடைநீக்கம் கேட்டால், தடைவிதித்தவர் அல்லாத வேறொரு நிருவாகி பரிசீலிப்பார். கடுமையான வழக்குகளில், ஆறு மாதம் வேறு கணக்கில் நுழையாமல் ஒதுங்கியிருந்து, அதே தவறைச் செய்ய மாட்டேன் என்று உறுதிசொல்லிக் கேட்கும் வழியும் உண்டு. என் பார்வையில் இது நியாயமான முறை. ஒரு மாதத் தடை தானாக முடிந்துவிடும், ஆள் மாறியிருக்க வேண்டியதில்லை. காலவரையற்ற தடை நீங்க, செய்த தவறு அவருக்கே புரிந்திருக்க வேண்டும். குறை ஒன்றுதான்: இப்படி ஒரு வழி இருப்பதே புதியவர் பலருக்குத் தெரிவதில்லை. தடைக்கான காரணத்தையும் முறையிடும் வழியையும் எளிய சொற்களில் எழுதிவைப்பது நிருவாகிகளின் கடமை.

உங்கள் கணக்குக்குத் தடை விழுந்தால் இன்னொரு கணக்கைத் தொடங்காதீர்கள். அது தெரியவந்தால் புதிய கணக்கும் போகும், உங்கள் மீதான நம்பிக்கையும் போகும். தடைக்கான காரணத்தைப் படியுங்கள். பேச்சுப் பக்கத்தில் உங்கள் பதிலை எழுதுங்கள்.