பழைய சாமானை ஒரு கேள்வி கேளுங்க!

'தூக்கிப் போட மனசு வரலையே!' - பரணை ஒழிக்கும்போது எல்லா வீட்டிலும் கேட்கிற குரல் இது. தூக்கிப் போட வேண்டாம். கிழிந்த வேட்டி, காலி டின், கழற்றிய ஜன்னல் கதவு... எல்லாவற்றிலிருந்தும் உருப்படியாக ஒரு பொருள் செய்யலாம். ஆனால், வேலையை ஆரம்பிக்கும் முன் அதனிடம் ஒரு கேள்வி: 'இதுக்கு முன்னாடி நீ என்னவா இருந்தே?' உங்கள் வீட்டு ஆரோக்கியம் அந்தப் பதிலில்தான் இருக்கு!

வேட்டி, சைக்கிள் டியூப்

பழைய காட்டன் வேட்டியை இரண்டாக மடித்து, தண்ணீர் டிரம்முக்கு மூடி போடுங்கள். பழைய சைக்கிள் டியூபை இரண்டாகப் பிளந்து நீளப் பட்டையாக வெட்டி, துணி தொய்யாதபடி இறுக்கிக் கட்டுங்கள். துணி தண்ணீரில் தொட்டால், ஈரத்தில் கொசு முட்டையிடும். டெங்கு கொசுவின் முட்டை டிரம்மின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாசக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால், வாரம் ஒருமுறை காலி செய்து, சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள்.

எண்ணெய் டின், பெயின்ட் பக்கெட்

சமையல் எண்ணெய் வந்த டின்னில் கீரை, தக்காளி வளர்க்கலாம். வெட்டிய விளிம்பை உள்பக்கம் மடித்து, சுத்தியலால் தட்டிவிடுங்கள், கை கிழியாது. அடியில் ஐந்தாறு ஓட்டை, மேலே உடைந்த ஓடு, அப்புறம் மண். அடியில் தட்டு வைத்தால் அதில் மணல் நிரப்புங்கள், தண்ணீர் தேங்காது.

பெயின்ட் பக்கெட்டா? பூச்செடிக்கும், தரை துடைக்கவும் மட்டும். எத்தனை தடவை கழுவினாலும் அரிசியோ, குடிதண்ணீரோ அதில் வேண்டவே வேண்டாம்!

ஜன்னல் கதவு

பழைய தேக்குக் கதவில் அருமையான புத்தக அலமாரி செய்யலாம். ஆனால், உப்புத்தாள் எடுக்கும் முன் கொஞ்சம் பொறுங்க! வீட்டு பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசு விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் கூடுதலாகவே இருக்கலாம். உலரத் தேய்த்தால் அது தூசியாகப் பறக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது ஈயம். கொஞ்சம் என்றாலும் கெடுதல்தான்.

பெயின்ட் உரியாமல் இருந்தால், சுரண்டாமல் மேலேயே புது பெயின்ட் அடியுங்கள். உரிந்திருந்தால் தண்ணீர் தெளித்து, ஈரமாகவே, வெளியில் வைத்துத் தேய்க்கணும். மாஸ்க் அவசியம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பக்கத்தில் வரக் கூடாது. விழுந்த தூளைப் பெருக்காமல், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

இதுக்கு மட்டும் 'நோ'!

பூச்சிமருந்து, ஆசிட் வந்த டப்பாக்களை எதற்கும் பயன்படுத்தாதீர்கள். யாரும் எடுத்து உபயோகிக்க முடியாதபடி ஓட்டை போட்டு, மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுத்துவிடுங்கள். பழைய டயரை மொட்டை மாடியில் போட்டு வைக்காதீர்கள். ஒரு மழை போதும், கொசுவுக்குத் தொட்டில்தான்!

மற்றபடி, இந்த ஞாயிற்றுக்கிழமை தாராளமாகப் பரண் ஏறுங்க!