தோற்பதற்கென்றே நிற்கும் வேட்பாளர்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தேர்தல் முடிவு வெளிவரும் இரவில் நாம் எல்லாரும் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்துவிடுகிறோம். வென்றவர் யார், இரண்டாவதாக வந்தவர் யார், பெரும்பான்மை எவ்வளவு என்பதுதான் நம் கவலை. பட்டியலின் அடியில் இரண்டு இலக்க, மூன்று இலக்க வாக்குகளோடு சில பெயர்கள் இருக்கும். "வைப்புத் தொகையை இழந்தார்" என்று ஒரு வரி வரும். அத்தோடு அவர்களை மறந்துவிடுவோம். இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட சில நிமிடங்களில் அந்தக் கடைசி வரியில் வருகிறவர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

தமிழ்நாட்டில் சேலம் மாவட்டத்தில் மேட்டூர் என்ற ஊர். காவிரியின் குறுக்கே உள்ள அணையால் நமக்குப் பெயர் தெரிந்த ஊர். அங்கே டயர் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர் கே. பத்மராஜன். 1988ஆம் ஆண்டு மேட்டூர் சட்டமன்றத் தொகுதிக்கு அவர் முதன்முதலாக வேட்புமனு கொடுத்தபோது ஊர் சிரித்தது. சாமானியனும் நிற்கலாம் என்று காட்டத்தான் வந்தேன் என்றார் அவர். சிரித்தவர்கள் ஓய்ந்துவிட்டார்கள். அவர் ஓயவில்லை. 2024ஆம் ஆண்டு இந்திய நாடாளுமன்றத் தேர்தலில் தர்மபுரித் தொகுதியில் நிற்க வந்தபோது அவர் கணக்கில் 238 தோல்விகள் சேர்ந்திருந்தன. வாஜ்பாய், மன்மோகன் சிங், நரேந்திர மோடி, ராகுல் காந்தி என்று அவர் எதிர்த்து மனுப் போட்டவர்களின் பட்டியல் நீளமானது. 1991இல் அன்றைய பிரதமர் நரசிம்ம ராவ் ஆந்திராவின் நந்தியால் இடைத்தேர்தலில் நின்றபோது இவரும் அங்கே போனார். அப்போது தம்மைச் சிலர் கடத்திக்கொண்டு போனதாக அவர் சொல்லி வந்திருக்கிறார். இந்தியாவில் மிக அதிகமாகத் தோற்ற வேட்பாளர் என்று லிம்கா சாதனைப் புத்தகம் அவரைப் பதிவு செய்தது.

இந்த 238 என்ற எண்ணை அப்படியே விழுங்கிவிட வேண்டாம். இதில் வாக்குச்சீட்டு வரைக்கும் போகாத மனுக்களும் அடங்கும். இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கும் அவர் பல முறை மனுக் கொடுத்தார். அந்தத் தேர்தலில் வாக்களிப்பவர்கள் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் மட்டுமே. 1997 முதல் வேட்பாளரை முன்மொழிய அவர்களில் 50 பேரும், வழிமொழிய இன்னொரு 50 பேரும் கையெழுத்திட வேண்டும். டயர் கடைக்காரருக்கு நூறு உறுப்பினர்களின் கையெழுத்து எங்கே கிடைக்கும்? பரிசீலனையிலேயே மனு தள்ளுபடியாகும். ஆனால் அவருடைய கணக்கில் அதுவும் ஒரு தேர்தல்தான்.

அவருக்குக் கிடைத்த அதிகபட்ச வாக்கு சொந்த ஊரிலேயே கிடைத்தது. 2011 சட்டமன்றத் தேர்தலில் மேட்டூரில் 6,273 பேர் அவருக்கு வாக்களித்தார்கள். வென்றவருக்கு 75,000க்கு மேல். ஒரு வாக்குக்கூட எதிர்பார்க்காதவருக்கு ஆறாயிரம் வாக்கு. தோற்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு இது கொஞ்சம் சங்கடமாகக்கூட இருந்திருக்கும்!

இனி, பணக் கணக்குக்கு வருவோம். இந்தியாவில் சட்டமன்றத்துக்கு நிற்பவர் 10,000 ரூபாயும், மக்களவைக்கு நிற்பவர் 25,000 ரூபாயும் வைப்புத் தொகை கட்ட வேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் என்றால் அதில் பாதி. பதிவான செல்லுபடியாகும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாவிட்டால் பணம் அரசாங்கத்துக்குப் போய்விடும். இந்தத் தொகை முன்பு இவ்வளவு இல்லை. 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி சட்டமன்றத்துக்கு 250 ரூபாய், மக்களவைக்கு 500 ரூபாய். நாற்பத்தைந்து ஆண்டுகள் அதில் யாரும் கை வைக்கவில்லை. கை வைக்க வைத்ததும் ஒரு தமிழ்நாட்டுத் தொகுதிதான்.

ஈரோடு மாவட்டத்தின் மொடக்குறிச்சி. 1996 சட்டமன்றத் தேர்தலில் அந்த ஒரே தொகுதியில் 1,033 பேர் வேட்பாளர்கள். தங்கள் கோரிக்கைகளை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்ற கோபத்தில் விவசாயிகள் கூட்டம் கூட்டமாக வந்து ஆளுக்கு 250 ரூபாய் கட்டி மனுக் கொடுத்தார்கள். மறியல் இல்லை, கல்லெறி இல்லை. சட்டம் கொடுத்த உரிமையைச் சட்டப்படியே பயன்படுத்தினார்கள், அவ்வளவுதான். தேர்தல் இயந்திரம் திணறிப் போனது. வாக்குச்சீட்டு ஒரு தாளாக இருக்க முடியாமல் புத்தகமாகிவிட்டது. வாக்குச் சாவடியில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு முகவர் உட்கார உரிமை உண்டு. பள்ளிக்கூட வகுப்பறையில் ஆயிரம் முகவர்கள் உட்காருவதை எண்ணிப் பாருங்கள். வாக்களிப்பை ஒரு மாதம் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. கடைசியில் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வெற்றி பெற்றார். 88 வேட்பாளர்களுக்கு ஒரு வாக்குக்கூட விழவில்லை. அதாவது, அவர்களே தங்களுக்கு வாக்களித்துக்கொள்ளவில்லை. அவர்கள் சொல்ல வந்தது மனுத் தாக்கல் அன்றே சொல்லி முடிந்துவிட்டது.

அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் ஆந்திராவின் நல்கொண்டாவில் 480 பேரும், கர்நாடகாவின் பெல்காமில் 456 பேரும் நின்றார்கள். நல்கொண்டாவில் பிரச்சினை குடிநீர். நிலத்தடி நீரில் கலந்திருந்த ஃபுளோரைடு எலும்பை முடக்கிக்கொண்டிருந்தது. நாடு முழுவதும் சேர்த்து 13,952 வேட்பாளர்கள். அரசாங்கம் விழித்துக்கொண்டது. அந்த 1996ஆம் ஆண்டிலேயே சட்டத்தைத் திருத்திச் சட்டமன்றத்துக்கு 5,000, மக்களவைக்கு 10,000 ரூபாய் ஆக்கினார்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு முன்மொழிய ஒருவர் போதும், மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும் என்றார்கள். ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு தொகுதிகளுக்கு மேல் நிற்கக்கூடாது என்றார்கள். அதற்கு முன் அந்த வரம்பும் இல்லை. 1998 தேர்தலில் வேட்பாளர் எண்ணிக்கை 4,750க்கு இறங்கியது. இன்றைய 10,000, 25,000 ரூபாய் அதன் பின்னர் உயர்த்தப்பட்டவை.

நிர்வாகத்தின் பார்வையில் இது பெரிய வெற்றி. வாக்காளனின் பார்வையிலும் ஒரு நன்மை உண்டு என்பதை மறுக்க முடியாது. ஏனென்றால், கடைசி வரியில் இருப்பவர்கள் எல்லாரும் பத்மராஜனைப் போன்றவர்கள் அல்லர். வாக்கைப் பிரிப்பதற்காகவே நிறுத்தப்படும் பெயர் ஒத்த வேட்பாளர்களும் அங்கே இருக்கிறார்கள். 2004இல் கேரளாவின் ஆலப்புழையில் காங்கிரசின் வி.எம். சுதீரன் 1,009 வாக்குகளில் தோற்றார். வி.எஸ். சுதீரன் என்ற சுயேச்சைக்குக் கிடைத்தது 8,282 வாக்கு. 2016இல் மஞ்சேஸ்வரம் சட்டமன்றத் தொகுதியில் பா.ஜ.க.வின் கே. சுரேந்திரன் வெறும் 89 வாக்குகளில் வெற்றியைப் பறிகொடுத்தார். அங்கே கே. சுந்தரா என்பவர் 467 வாக்குப் பெற்றிருந்தார். 2024இல் இராமநாதபுரத்தில் முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது அதே பெயருடைய வேறு சிலரும் மனுக் கொடுத்தது நமக்கு நினைவிருக்கும். இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான் 2015 முதல் வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளரின் படத்தையும் ஒட்டுகிறார்கள். வைப்புத் தொகையை உயர்த்தினால் இத்தகையவர்கள் ஒழிவார்கள் என்பது ஒரு வாதம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பின்னால் பணம் போட ஆள் உள்ளவருக்குப் பத்தாயிரம் ஒரு தொகையா?

அந்தத் தொகை யாருக்குச் சுமை என்று பாருங்கள். 2024-25இல் ஊரக வேலை உறுதித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட ஒரு நாள் கூலி 319 ரூபாய். பத்தாயிரம் என்பது 31 நாள் கூலிக்கும் மேல். சாமானியனும் நிற்கலாம் என்று காட்ட வந்த பத்மராஜனுக்குச் சொந்தமாக ஒரு கடை இருந்தது. கடை இல்லாத சாமானியன் நிற்க முடியாது. மொடக்குறிச்சி விவசாயிகள் செய்ததைப் புதிய கட்டணத்தில் செய்ய 1 கோடி ரூபாய்க்கு மேல் வேண்டும்.

ஆனாலும் கோபம் வந்தால் கட்டணம் தடுப்பதில்லை. 2019இல் தெலங்கானாவின் நிஜாமாபாத் தொகுதியில் மஞ்சளுக்கு நல்ல விலை கேட்டு விவசாயிகள் நின்றார்கள். 185 வேட்பாளர்களில் 178 பேர் விவசாயிகள். ஆளுக்கு 25,000 ரூபாய். ஒரு சாவடிக்குப் பன்னிரண்டு வாக்குப் பெட்டகங்களை வரிசையாக இணைத்து வாக்கெடுப்பு நடத்தினார்கள். அன்றைய முதலமைச்சர் சந்திரசேகர ராவின் மகள் கவிதா அங்கே தோற்றார்.

2015இல் இந்தியச் சட்ட ஆணையம் தனது 255ஆவது அறிக்கையில், சுயேச்சைகள் நிற்பதையே தடை செய்துவிடலாம் என்று பரிந்துரைத்தது. பதிவு பெற்ற கட்சியின் ஆளாக இருந்தால்தான் மனுவே போட முடியும் என்ற நிலை. பரிந்துரை சட்டமாகவில்லை. ஆகியிருந்தால் மேட்டூர்க்காரரின் கதை அங்கேயே முடிந்திருக்கும். நிஜாமாபாத்தும்கூட நடந்திருக்காது.

நம் பக்கத்து நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் சட்டமன்றத்துக்கு 5,000 ரிங்கிட், நாடாளுமன்றத்துக்கு 10,000 ரிங்கிட். சிங்கப்பூரில் 2020, 2025 பொதுத் தேர்தல்களில் ஒரு வேட்பாளருக்கு 13,500 வெள்ளி. இரு நாடுகளிலும் எட்டில் ஒரு பங்கு வாக்கு வேண்டும். இந்தியாவைவிட வாக்கு வரம்பு எளிது, பணம் கடினம். மேட்டூர் மாதிரி ஒருவர் இங்கே 238 முறை நிற்பதென்றால் வீட்டை விற்க வேண்டியதுதான்.

ஆனால் மீண்டும் மீண்டும் நின்ற ஒருவரை நமக்கும் தெரியும். பாட்டாளிக் கட்சியின் ஜே.பி. ஜெயரத்னம் 1972இல் ஃபேரர் பார்க், 1976இல் கம்போங் சாய் சீ, 1977இல் ராடின் மாஸ் இடைத்தேர்தல், 1979 இடைத்தேர்தலிலும் 1980 பொதுத் தேர்தலிலும் தெலுக் பிளாங்கா என்று ஐந்து முறை தோற்றார். ஆறாவது முறை 1981 அக்டோபரில் ஆன்சன் இடைத்தேர்தலில் 653 வாக்கு வித்தியாசத்தில் வென்று, சுதந்திரச் சிங்கப்பூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் எதிர்க்கட்சி உறுப்பினரானார். 1980இல் அவரைப் பற்றிப் பேசியவர்கள், "இவர் எப்போதும் நின்று தோற்பவர்தானே" என்று சொல்லியிருந்தால் அதில் பொய் இருந்திருக்காது.

ஜெயரத்னம் வெல்ல நின்றார், பத்மராஜன் தோற்க நிற்கிறார், இரண்டும் ஒன்றா என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றல்ல. ஆனால் மனுத் தாக்கல் மேசையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி அதைக் கேட்பதில்லை. படிவம் சரியாக இருக்கிறதா, பணம் கட்டியாயிற்றா, முன்மொழிந்தவர்கள் அந்தத் தொகுதி வாக்காளர்களா என்று பார்த்துவிட்டு, அடுத்தவரைக் கூப்பிடுவார்.