நிமிடத்துக்கு ஆயிரம் சொல் என்னும் மாயை

கணக்கில் கெட்டிக்காரரான மாணவர்கூட ஆங்கிலப் பத்தியைக் கண்டால் தடுமாறுவது நுழைவுத் தேர்வு உலகில் பழகிப்போன காட்சி. ஐ.ஐ.எம்.களில் சேர எழுதும் கேட் தேர்வானாலும், தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் கிளாட் தேர்வானாலும், பத்தியைப் படித்துப் பதில் சொல்லும் கேள்விகள் பலருடைய ரேங்கைக் கவிழ்த்துவிடுகின்றன. அந்த அச்சத்தை வைத்துத்தான் வேகவாசிப்பு வகுப்புகளும் செயலிகளும் பிழைக்கின்றன. கண்ணுக்குப் பயிற்சி கொடுத்தால் நிமிடத்துக்கு ஆயிரம் சொல் படிக்கலாம் என்பது அவற்றின் வாக்குறுதி. திருப்பதி, சித்தூர்ப் பக்கத்து மாணவர் காதில் இது இன்னும் இனிமையாக விழும். புத்தூர், நகரி, சத்தியவேடு வட்டாரங்களில் வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, தேர்வில் ஆங்கிலம் என்று வளர்ந்த பிள்ளைகள் உண்டு. தன்னிடம் இல்லாதது வேகம் ஒன்றுதான் என்று அவர்கள் எளிதில் நம்பிவிடுவார்கள். வாசிப்பைப் பற்றி அறிவியல் சேர்த்து வைத்திருக்கும் சான்றுகளோ வேறு கதை சொல்கின்றன. மொழியும் பொருளறிவும் கூடக்கூட வேகம் பின்னால் வந்து சேர்கிறது. அதை மட்டும் தனியாகப் பழகிவிட முடிவதில்லை.

முதலில் கேட் தேர்வையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2024இல் ஆங்கிலப் பகுதிக்கு 40 நிமிடம், 24 கேள்வி. அதில் 16 கேள்விகள் நான்கு பத்திகளிலிருந்து வந்தவை. பத்திக்கு 500 சொல் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 2,000 சொற்கள். பெல்ஜியத்தைச் சேர்ந்த மார்க் பிரிஸ்பார்ட் 190 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியிட்ட கணக்குப்படி, ஆங்கிலத்தைத் தாய்மொழி போலப் படிப்பவர் கட்டுரை நடையை மௌனமாக வாசிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொல். அந்த வேகத்தில் 2,000 சொற்களுக்கு எட்டரை நிமிடம் ஆகும். நிமிடத்துக்கு 150 சொல் படிப்பவருக்குப் பதின்மூன்றேகால் நிமிடம். இருவருக்கும் உள்ள வித்தியாசம் ஐந்து நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது. மெதுவாகப் படிப்பவருக்கும் இருபத்தாறு நிமிடத்துக்கு மேல் கையில் மிஞ்சும். அந்த நேரம் எங்கே போகிறது? இரண்டு விடைகளுக்கு இடையே ஊசலாடுவதில், மறுபடி பத்திக்குப் போவதில், கடைசியில் ஊகிப்பதில். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் சரியான விடைக்கு 3 மதிப்பெண், தவறுக்கு 1 கழியும். அதாவது சரிக்கும் தவறுக்கும் இடைவெளி 4 மதிப்பெண். வேகத்தால் மிஞ்சும் ஐந்து நிமிடத்தைவிட, தவறிலிருந்து தப்பும் நான்கு கேள்விகள் பெரிய லாபம்.

ஆயிரம் சொல் வேகம் ஏன் சாத்தியமில்லை என்பதற்குக் கண்ணின் அமைப்பே பதில். வாசிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடுவதில்லை. தாவுகிறது, நிற்கிறது, மறுபடி தாவுகிறது. ஆங்கிலத்தில் ஒரு தாவலுக்கு ஏழு முதல் ஒன்பது எழுத்து. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஏறத்தாழக் கால் விநாடி. விழித்திரையின் நடுவிலுள்ள மிகச் சிறிய பரப்பில் மட்டுமே எழுத்து தெளிவாக விழுவதால், ஒரே பார்வையில் முழு வரியை அள்ளிவிட முடியாது. கீத் ரேனரும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் இது பற்றிய பல பத்தாண்டு ஆய்வுகளை அலசி, வேகத்தைக் கூட்டினால் புரிதல் குறையும் என்ற முடிவுக்கு வந்தார்கள். நிமிடத்துக்குப் பல நூறு சொல்லைத் தாண்டியவர்கள் உண்மையில் செய்தது பொறுக்கி மேய்வதுதான். வேகவாசிப்பு ஆசிரியர்கள் குறையாகச் சொல்லும் இன்னொன்று, படித்த இடத்துக்குக் கண் திரும்பிப் போவது. நல்ல வாசகர்களின் கண்ணும் நூறு தாவலில் பத்து, பதினைந்து முறை பின்னால் போகிறது. படித்து முடித்த சொல்லைத் திரையில் மறைத்து, திரும்பிப் பார்க்க வழியில்லாமல் செய்த 2014ஆம் ஆண்டுச் சோதனையில் வாசகர்களின் புரிதல் சரிந்தது. பின்னால் போவது சோம்பல் அன்று. பிடிபடாத இடத்தை மூளை சரிபார்க்கும் வேலை.

அப்படியானால் ஒருவர் 150இலும் இன்னொருவர் 250இலும் படிப்பது எதனால்? முதல் காரணம் சொல்வளம். ஒரு பத்தியைத் துணையின்றிப் புரிந்துகொள்ள அதன் சொற்களில் ஏறத்தாழ 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்று 2000இல் ஹூ, நேஷன் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். 500 சொல் பத்தியில் பத்துச் சொல் தெரியாவிட்டால் சமாளிக்கலாம். ஐம்பது தெரியாவிட்டால் எந்தக் கண் பயிற்சியும் கைகொடுக்காது. இரண்டாவது காரணம் பொருளறிவு. 1988இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி இருவரும் பள்ளி மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களாக இருந்தும் ஆட்டம் தெரிந்தவர்கள், வாசிப்பில் முந்தியவர்களாக இருந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். மும்மொழிச் சூழலில் வளர்ந்த சித்தூர் மாணவருக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. ஒரு மொழியில் சேர்ந்த கருத்தறிவு இன்னொரு மொழியின் வாசிப்புக்கும் துணை நிற்கும் என்று கல்வியியலாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இலேயே வாதிட்டார். பணவீக்கம் பற்றித் தமிழ் நாளிதழிலோ தெலுங்கு நாளிதழிலோ ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு அதே பொருளில் ஆங்கிலத் தலையங்கத்தை எடுத்தால், பாதிப் பாரம் முன்பே இறங்கியிருக்கும்.

துல்லியம் எங்கே கெடுகிறது என்பதை ஒரு மாதிரிக் கேள்வியில் பார்க்கலாம். பத்தியில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாகக் கொள்வோம்: “ஆழ்துளைக் கிணறுகள் பெருகிய ஊர்கள் பலவற்றில் ஏரிப் பராமரிப்பில் ஊராரின் அக்கறை குறைந்தது.” விடைகளில் ஒன்று, “ஆழ்துளைக் கிணறுகளால்தான் ஏரிகள் வற்றின” என்கிறது. சித்தூர் மாவட்டத்து மாணவருக்கு இது கண்ணால் கண்ட உண்மை போலவே படும். கை தானாக அதைத் தேர்ந்தெடுக்கும். ஆனால் பத்தி வற்றியது பற்றிப் பேசவே இல்லை. அக்கறை குறைந்தது என்றுதான் சொல்கிறது, அதையும் ‘பலவற்றில்’ என்று அளவோடு. தவறான விடைகள் பெரும்பாலும் இந்த மூன்று வழிகளில் தயாராகின்றன: சிலவற்றை எல்லாமாக்குவது, உடன் நிகழ்ந்ததைக் காரணமாக்குவது, நமக்குத் தெரிந்த உண்மையைப் பத்தியின் வாயில் போடுவது. பத்தியைப் புரிந்துகொள்ளத் துணை நின்ற அதே பொருளறிவு, விடையைத் தேர்ந்தெடுக்கும்போது இப்படிக் காலை வாரிவிடவும் செய்யும். ‘சில’, ‘பெரும்பாலும்’, ‘மட்டுமே’ போன்ற சொற்களில் நின்று கவனிப்பதற்கு நிதானம் வேண்டும்.

கிளாட் தேர்வைக் காட்டி ஒருவர் மறுக்கலாம். அங்கே இரண்டு மணி நேரத்தில் 120 கேள்வி; பத்திகள் ஏறத்தாழ 450 சொல் வரை நீளும். இருபது பத்தி என்றாலே 9,000 சொல். 150 சொல் வேகத்தில் ஒரு மணி நேரம் வாசிப்புக்கே போய்விடும். 238இல் முப்பத்தெட்டு நிமிடம். இங்கே வேகம் பெரிய விஷயம்தான். ஆனால் அந்த 238 என்பது இயல்பாகப் படிக்கும் வாசகரின் வேகம். அதை எட்டுவதற்கு வித்தை தேவையில்லை, ஆங்கிலம் கண்ணுக்குப் பழக வேண்டும். வேகவாசிப்பு கற்று உயர்ந்த ரேங்க் எடுத்தவர்களும் இருக்கிறார்களே என்பார்கள். அந்த வகுப்பில் அவர்கள் நூற்றுக்கணக்கான பத்திகளைப் படித்திருப்பார்கள். பலன் தந்தது அந்தப் பழக்கமாகவே இருக்கலாம். தேர்வுக்கு மூன்றே மாதம் இருக்கிறதே என்பது நியாயமான கவலை. மூன்று மாதத்தில் சொல்வளம் இரட்டிப்பாகாது. ஆனால் தவறுகளின் வகை தெரிந்துவிடும், திரையில் படித்துப் பழகிவிடலாம். கணினியில் எழுதும் கேட் தேர்வுக்கு இந்தப் பழக்கம் முக்கியம்: 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், காகிதத்தைவிடத் திரையில் புரிதல் குறைவு என்பதும், நேரம் நெருக்கும்போது அந்த இடைவெளி கூடுகிறது என்பதும் தெரிந்தன.

பழைய சித்தூர் மாவட்டத்தின் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலிப் பள்ளி, கிராமப் பள்ளிகளுக்காக 1980களில் ஒரு முறையை உருவாக்கத் தொடங்கியது. பாட அட்டைகள் ஏணிப்படி போல வரிசையாக இருக்கும். ஒரு படி தேறிய பிறகுதான் குழந்தை அடுத்த படிக்குப் போகும், அவரவர் வேகத்தில். தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றலுக்கு முன்மாதிரி அதுதான். நுழைவுத் தேர்வுக்கும் இந்த வரிசை பொருந்தும். முதல் மாதம் கடிகாரத்தை ஒதுக்கிவைத்து, தினம் இரண்டு பத்தி. ஒவ்வொரு தவறான விடைக்கும் எதிரே, பத்தியின் எந்தச் சொல்லைக் கவனிக்காமல் விட்டோம் என்று நோட்டில் ஒரு வரி. பத்துக்கு எட்டு சரியாக வரத் தொடங்கிய பிறகு நேரம் வைத்துப் படிக்கலாம். பிள்ளையை வேகவாசிப்பு வகுப்பில் சேர்க்கப் பணம் எடுத்து வைத்திருக்கும் பெற்றோர், அந்தப் பணத்தில் ஓர் ஆங்கில நாளிதழுக்கும் ஒரு தமிழ் நாளிதழுக்கும் ஓராண்டுச் சந்தா கட்டட்டும்.