தோட்டத்துச் சிலந்தியின் ஆகாரம்

வேலியோரச் செடிகளுக்கிடையே வட்டமான வலையைக் கட்டி, அதன் நடுவில் தலைகீழாகத் தொங்கும் சிலந்தியை இந்தியத் தோட்டங்கள் பலவற்றிலும் காணலாம். மஞ்சளும் பழுப்புமான பட்டைகளை உடைய அதன் உடலும், இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கற்குறிபோல் விரித்து வைத்த எட்டுக் கால்களும் எளிதில் அடையாளம் காட்டும். வலையின் மையத்தில் வெண்ணிறப் பட்டிழையாலான வளைவுக் கோடுகளும் பெரும்பாலும் இருக்கும். 'ஆர்கியோப்பி' என்னும் பேரினத்தைச் சேர்ந்த இச்சிலந்தி ஈ, வெட்டுக்கிளி, வண்ணத்துப்பூச்சி, தேனீ முதலியவற்றைத் தின்கிறது என்பது யாவரும் அறிந்ததே. எவ்வாறு தின்கிறது என்பதைத்தான் பலர் அறியார்.

சிலந்தி இரையின் இரத்தத்தை உறிஞ்சுகிறது என்பர். அது முழு உண்மை அன்று. சிலந்தியால் திட உணவை விழுங்க இயலாது. அதன் வாய்வழி மிகக் குறுகியது, அதைச் சூழ்ந்த மயிர்களோ வடிகட்டிபோல் அமைந்தவை. ஆகவே, ஜீரணம் உடலுக்கு வெளியிலேயே தொடங்குகிறது. சிலந்தி இரையின்மேல் ஜீரண நீரைக் கக்கிப் பிசைகிறது. கரைந்த தசை முதலிய மென்பகுதிகளைக் கூழாக உள்ளிழுத்துக்கொள்கிறது. இறுதியில் எஞ்சுவது வறண்ட சக்கையே.

வலையில் விழுந்தது எது என்பதை அது கண்ணால் அறிவதில்லை. எட்டுக் கண்கள் இருந்தும் பார்வை மந்தமே. இழைகளின் அதிர்வும் தொடு உணர்ச்சியுமே அதற்கு வழிகாட்டி. வெட்டுக்கிளி சிக்கினால், பட்டிழைகளை வாரி வீசிக் கட்டிய பின்னரே கடித்து விஷம் ஏற்றும். அந்துப்பூச்சியானால் முறை மாறும். கடி முந்தும், கட்டு பிந்தும். காரணம் எளிது. அந்துப்பூச்சியின் சிறகுச் செதில்கள் பசை இழையில் ஒட்டி உதிர, பூச்சி நழுவிப் போய்விடும். தாமதத்துக்கு அங்கே இடமில்லை. ஆண் சிலந்தியும் சில வேளைகளில் பெண்ணுக்கு உணவாகிவிடுவதுண்டு!

வட்ட வலை பின்னும் சிலந்திகள் பல, பழைய வலையையும் தின்றுவிடுகின்றன. பட்டிழை புரதமாதலின் அதை வீணாக்குவதில்லை. கதிரியக்க அணுக்களால் அடையாளமிட்ட இழையைத் தின்ற சிலந்தி, அதே பொருளை அரை மணி நேரத்துக்குள் புதிய வலையில் சேர்ப்பதை 1971இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. வலையில் ஒட்டிய மகரந்தமும் அதனுடன் வயிற்றுக்குள் செல்கிறது. ஐரோப்பியத் தோட்டச் சிலந்திக் குஞ்சுகளின் ஆகாரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மகரந்தமே என 2013இல் கணக்கிட்டனர். ஊன் மட்டுமே உண்பது என்று கருதப்பட்ட பிராணிக்கு இது சிறு பங்கு அன்று.

இவ்வளவும் உண்ணும் சிலந்தி தோட்டக்காரனுக்கு நண்பனா? வலை கட்டும் சிலந்திக்கு நல்ல பூச்சி, தீய பூச்சி என்ற வேறுபாடு தெரியாது. மகரந்தச் சேர்க்கை செய்யும் தேனீயையும் அது விடுவதில்லை. அதை அளவுமீறிப் புகழ்வது பொருந்தாது.

நெல் வயலின் நிலை வேறு. அங்கே வலை கட்டாது, பயிரின் அடித்தூரிலும் நீர்ப்பரப்பிலும் ஓடி வேட்டையாடும் ஓநாய்ச் சிலந்தி உண்டு. புகையான் பூச்சி கூடிச் சாறு உறிஞ்சும் இடமும் அந்த அடித்தூரே. ஒரு சிலந்தி நாளொன்றுக்கு 5 முதல் 15 இரைகள் வரை தின்னும் என மதிப்பிட்டுள்ளனர். பூச்சிமருந்தை மிகுதியாகத் தெளித்தால் முதலில் அழிவது சிலந்தியே. இலையுறைத் திசுவுக்குள் இடப்பட்ட புகையானின் முட்டைகளோ பெரும்பாலும் தப்பிவிடும். பொரித்த குஞ்சுகளைத் தின்ன வயலில் எவரும் இரார். மருந்து தெளித்த வயலிலேயே புகையான் முன்னிலும் மிகுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். 1986இல் இந்தோனேசிய அரசு 57 பூச்சிமருந்துகளை நெற்பயிருக்குப் பயன்படுத்தலாகாது எனத் தடுத்தது. அடுத்த சில ஆண்டுகளில், பூச்சிமருந்துகளுக்கு அளித்துவந்த மானியத்தையும் படிப்படியாக நிறுத்திவிட்டது.